அரைப் பேர்

தோட்டப்புறங்களிற் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் பெரிதும் கவனியாத ஒரு பொருள் உண்டு. காலையிற் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கப்பட்டு, செக்ரோலில் ஒருவரின் பெயருக்கு எதிரே அன்றைய வேலை பதியப்படுமாயின் அது ஒரு பேர். அதாவது ஒரு நாட்கூலி. “இந்த மாசம் இருவது பேர் விழுந்திச்சு” என்று ஒரு பெண் கூறினால் இருபது மனிதர் எங்கோ விழுந்துவிட்டதாக லயத்தில் எவரும் பதறுவதில்லை. குறித்த அளவு கொழுந்து சேராவிட்டாலும், மழை மிகுந்து வேலை பாதியில் நின்றுவிட்டாலும் விழுவது அரைப் பேர். மனிதரின் பெயரே கூலியின் அலகாகி, பின்னர் அந்த அலகும் இரண்டாக வெட்டப்படக் கூடியதாயிற்று என்பது மொழியாராய்ச்சியாளர் கவனிக்கத்தக்க செய்தி. அத்தகைய அரைப் பேர் ஒன்று 2022ஆம் ஆண்டிற் கணனிக்குள் நுழைந்து காணாமற் போயிற்று.

கேகாலை மாவட்டத்திற் சீதாவாக்கை ஆறு பாயும் தெரணியகலைப் பகுதி மழைக்குப் பெயர் பெற்றது. நுவரெலியாவைப் போன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையே விரிந்து கிடக்கும் நாடன்று அது. இறப்பரும் தேயிலையும் அடுத்தடுத்து நிற்கும். சிங்களக் கிராமங்களும் தமிழர் லயங்களும் ஒரே பாதையின் இருபுறமும் இருக்கும். அங்குள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் மகன் உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவிற் கற்றவன். விரும்பிக் கற்றான் என்பதற்கில்லை. அவன் பயின்ற பாடசாலையில் வேறு பிரிவு இருக்கவில்லை. பின்னர் கணனிக் கற்கைநெறி ஒன்றை முடித்து, அவிசாவளையில் இயங்கிய சிறு நிறுவனம் ஒன்றில் வேலைக்கமர்ந்தான். தன் மகன் மிசினுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகத் தாய் அயலாரிடம் கூறிக்கொள்வாள். அதைவிடச் சிறந்த விளக்கம் ஒன்றை அவனது மேலதிகாரியும் சொன்னதில்லை.

அந்நிறுவனத்திடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கென எழுதப்பட்ட சம்பள நிரல் ஒன்று முன்னரே இருந்தது. 2022 ஜனவரியில் அதனையே சிறிது மாற்றி, தாய் வேலை செய்த தோட்டத்துக்குக் கொடுத்தார்கள். மாற்றும் பணி மகனிடம் வந்தது. அரைப் பேர் என்றால் என்னவென்று அந்த அலுவலகத்தில் அவன் ஒருவனுக்கே தெரியும். ஆதலால் நாள்தோறும் பதிவு செய்யும் திரையிலும், பதிவு சென்று சேரும் பேரேட்டிலும் அரைக்கு இடம் வைத்தான். முழு நாளுக்கு 1. அரை நாளுக்கு 0.5. இவ்வளவுடன் தன் கடமை முடிந்ததென எண்ணினான். மாத முடிவிற் சம்பளத்தைக் கணிக்கும் பழைய செய்முறையை அவன் திறந்து பார்க்கவில்லை. தொழிற்சாலையிற் பல ஆண்டுகள் ஓடிப் பழகிய ஒன்றைச் சந்தேகிப்பதற்கு அவனுக்குக் காரணம் தோன்றவில்லை.

செய்முறை என்று இங்கு கூறப்படுவதைக் கலைப்பீடத்தார்க்குச் சற்று விளக்குதல் வேண்டும். தரவுத்தளம் என்பது ஒழுங்கமைக்கப்பட்ட பேரேடுகளின் தொகுதி. அப்பேரேடுகளை ஒரே விதமாக மீண்டும் மீண்டும் கையாள வேண்டியிருப்பின், அதற்குரிய கட்டளைகளைக் கோவையாக எழுதிப் பெயரிட்டுத் தரவுத்தளத்தின் உள்ளேயே வைத்துவிடுவர். ‘ஸ்டோர்ட் புரொசீஜர்’ என்று துறையினர் வழங்குவது இதனையே. வெளியே வேறொரு மொழியில் எழுதப்பட்ட நிரல் அதனைப் பெயர் சொல்லி அழைத்து, வேண்டிய பெறுமானங்களைக் கையளிக்கும். அவற்றை வாங்கிக்கொள்ளும் இடங்களுக்குப் பரமானங்கள் என்று பெயர். ஒவ்வொரு பரமானமும் எவ்வகைப் பெறுமானத்தை ஏற்கும் என்பது முன்னரே எழுதப்பட்டிருக்கும்: இது முழு எண், இது தசமம், இது திகதி, இது எழுத்துத் தொடர் என்றவாறு. அழைப்பவர் ஒரு வகையைக் கொடுக்க, அழைக்கப்படுவது வேறு வகையை எதிர்பார்த்து நிற்குமாயின் இரண்டிலொன்று நிகழும். ஏற்கமாட்டேன் எனத் தரவுத்தளம் மறுத்து ஒரு பிழையறிவிப்பைத் தரும். அல்லது வந்ததைத் தனக்கேற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, ஒன்றும் நடவாதது போல வேலையை முடித்துவிடும்.

மறுப்பதைக் கண்டு புதியவர் அஞ்சுவர். உண்மையில் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கே.

இதே நிரலில் நிகழ்ந்த வேறொன்றை நோக்குக. தொழிலாளரைப் பதிவு செய்யும் பகுதியைப் புதிதாக எழுதியவர், தேசிய அடையாள அட்டை ‘இலக்கம்’ என்ற சொல்லை நம்பி அதனை முழு எண்ணாக அறிவித்துவிட்டார். இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்டு வந்த அட்டைகளில் ஒன்பது இலக்கங்களின் பின்னே வி அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்து ஒன்று நிற்கும். முதலாவது ஆளைப் பதிந்தபோதே, வகையை மாற்ற முடியவில்லை எனத் தரவுத்தளம் 8114ஆம் இலக்கப் பிழையை அறிவித்தது. எழுத்தை வெட்டிவிட்டு அனுப்பிப் பார்த்தார்கள். பழைய அட்டைகள் ஏறின. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டைகள் ஏறவில்லை. ‘இன்ட்’ எனப்படும் முழு எண் வகை 2,147,483,647க்கு மேல் எதனையும் கொள்ளாது. இறுதியில் அதனை எழுத்துத் தொடராகவே மாற்றினார்கள். எல்லாம் ஒரு முற்பகலுக்குள் முடிந்தது. கூட்டவோ கழிக்கவோ படாத ஒன்று, இலக்கங்களால் ஆனதாயினும், எண் அன்று என்னும் பாடத்தையும் அம்முற்பகலே கற்பித்தது. பிழை கூச்சலிட்டபடியால் எவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை.

அரைப் பேர் கூச்சலிடவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த மகனிடம் தாய் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: “தம்பி, போன மாசம் எனக்கு அரைப் பேர் கொறையுது.”

“கணக்கெல்லாம் கொம்பியூட்டர்ல போடுறது அம்மா. அது பிழை விடாது. நீங்க எண்ணினதுலதான் ஏதோ மாறியிருக்கும்.”

தாய் மேலும் பேசவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பலரிடம் கேட்டுப் பழகிய மறுமொழி அது. புதிதாக இருந்தது அதைச் சொன்னவன் மட்டுமே.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயிரம் வந்த பின்னர் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் ஏறியது, அரைப் பேரும் மிகுந்தது என்பது பல தோட்டங்களிற் கேட்ட முறைப்பாடு. அரைப் பேர் ஒன்றின் விலை 500 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் சேர வேண்டுமாகையால், அந்த அரைப் பேருடன் முதுமைக்கென ஒதுங்க வேண்டிய 100 ரூபாவும் சேர்ந்தே போய்விடும். 2022ஆம் ஆண்டு எத்தகையதென்பதை வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறின. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அக்காலத்தில் 500 ரூபா ஒரு வீட்டின் இரண்டு நாட் சமையலைத் தீர்மானித்தது.

தோட்டத்துக் கிளாக்கரிடமும் சில பெண்கள் முறையிட்டனர். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். திரையில் அரைகள் சரியாகவே இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்த இடம் வேறு. மேலும், ஒரு மாதம் குறைகிறது என்றவள் அடுத்த மாதம் சரியாக இருக்கிறது என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்த மாதமும் குறையவில்லை. இவ்வாறு விட்டு விட்டுத் தோன்றும் முறைப்பாட்டை மறதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. நிறுவனத்திலும் அதுவே நடந்தது. பிழையறிவிப்பு எதுவும் பதிவாகவில்லை, ஆகவே பிழை இல்லை என்றார்கள்.

ஜூன் மாத முற்பகுதியில், மூன்றாவது முறையாகச் சம்பளம் குறைந்தபோது, தாய் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, சம்பளத் துண்டுகளை அதன்மேல் வைத்து மகன் முன்னே போட்டாள். ஒவ்வொரு வேலை நாளின் மீதும் கரித்துண்டால் ஒரு கோடு. அரைப் பேர் விழுந்த நாளிற் பாதிக் கோடு. அவளுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. சம்பளத் துண்டிலும் படிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை; அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்திற் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன.

மகன் ஒரு தாளில் எழுதினான். ஜனவரி: முழுக்கோடு 20, அரைக்கோடு 2, கூட்டினால் 21, துண்டிலும் 21. பெப்ரவரி: 17, 1, வர வேண்டியது 17.5, வந்தது 17. மார்ச்: 16, 4, வர வேண்டியது 18, வந்தது 18. ஏப்ரல்: 14, 3, வர வேண்டியது 15.5, வந்தது 15. மே: 13, 5, மீண்டும் 15.5, மீண்டும் 15.

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். அரைகள் இரட்டைப்படையாக வந்த மாதங்களிற் கணக்குச் சரி; ஒற்றைப்படையாக வந்த மாதங்களில் அரை இல்லை. இரண்டு அரைகள் கைகோத்து ஒன்றாகிவிட்டால் தப்பிவிடுகின்றன; துணையின்றி நிற்கும் அரை விழுங்கப்படுகிறது. தாயின் எண்ணிக்கை ஐந்து மாதங்களில் ஓரிடத்திலேனும் தவறவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் தான் சொன்ன சொல் அவனுக்கு நினைவு வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அவன் செய்த சோதனை மிக எளியது. அதை எவர் வேண்டுமானாலும் ஜனவரியிலேயே செய்திருக்கலாம் என்பதே வருத்தத்துக்குரியது. பேரேட்டில் உள்ளது என்ன, நிரல் கையளிப்பது என்ன, செய்முறை பெற்றுக்கொள்வது என்ன என்று மூன்று இடங்களில் ஒரே பெறுமானத்தை அச்சிட்டுப் பார்த்தான். பேரேட்டில் 15.5, நிரல் கையளித்தது 15.5, செய்முறையின் முதல் வரியிலேயே 15. வாசலிற்றான் இழப்பு. பரமானம் ‘இன்ட்’ என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வர் தசம எண்ணொன்றை முழு எண்ணாக மாற்ற நேரும்போது புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டி எறிந்துவிடும்; வெட்டியதாக அறிவிப்பதுமில்லை. ஆடைத் தொழிற்சாலையில் அரைநாள் விடுப்புக்கு வேறு பேரேடு இருந்தமையால் அங்கு நாட்கள் எப்பொழுதும் முழுமையாகவே வந்தன. அங்கே அது பிழையே அன்று. ஓரிடத்திற் சரியாக இருந்த ஒன்று, இடம் பெயர்ந்தபோது பிழையாயிற்று.

இது சிறியோருக்கே நேர்வதென்று கருத வேண்டாம். 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகலம் தன் முதற் பயணத்தில் ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. முந்திய ஏரியன் 4இற்கென எழுதப்பட்ட நிரற் பகுதி அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. புதிய கலத்தின் வேகம் கூடியதாகையால் 64 இருமங்களில் நின்ற பெறுமானம் ஒன்று 16 இருமங்கள் கொண்ட முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. அது கூச்சலிட்ட பிழை, உலகமே கேட்டது. தெரணியகலைப் பிழைக்கு நெருங்கிய உறவு வேறொன்று. கனடாவின் வன்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1,000 எனத் தொடங்கிய சுட்டெண்ணை ஒவ்வொரு முறையும் மூன்று தசம தானங்களுடன் வெட்டி வந்தது. 1983 நவம்பரில் அது 524.811இல் நின்றது. திருத்திக் கணித்தபோது சரியான பெறுமானம் 1,098.892 எனக் கண்டார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், ஒரு பிழையறிவிப்பும் இல்லாமல், நுண்ணிய துணுக்குகளாகப் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. தரகர்களிடம் கரி நாட்காட்டி இருந்திருக்காது போலும்.

நோய் கண்டவன் மருந்தையும் உடனே கண்டான் என எழுத முடிந்தால் கதை நேராக முடிந்திருக்கும். அவன் அவசரத்தில் ‘இன்ட்’ என்பதை அழித்து ‘டெசிமல்’ என்று எழுதினான். எத்தனை தானம் என்பதை எழுதவில்லை. எழுதாவிடின் அத்தரவுத்தளம் பதினெட்டு இலக்கங்கள், புள்ளிக்குப் பின் ஒன்றுமில்லை எனக் கொள்ளும். பெயரளவில் தசமம், நடப்பில் முழு எண். ஒரே வேறுபாடு, இம்முறை வெட்டாமல் கிட்டிய முழு எண்ணுக்குத் திருப்பும். ஜூன் மாதத்திற் பதினொரு முழுப் பேரும் மூன்று அரைப் பேரும் விழுந்த தாய்க்கு 12.5க்குப் பதிலாக 13க்குச் சம்பளம் வந்தது. அரைகள் ஒற்றைப்படையாக விழுந்த எல்லோருக்கும் 500 ரூபா கூடியது.

கூடியதைப் பற்றி எவரும் முறையிடவில்லை. தாய் மட்டும் தொலைபேசியில் அழைத்தாள்.

“தம்பி, இப்ப அரைப் பேர் கூட விழுந்திருக்கு.”

“யாராச்சும் சொன்னாங்களா அம்மா?”

“யாரு சொல்லுவா? அடுத்த மாசம் புடிப்பாங்க. மொத்தமாப் புடிச்சா தாங்காது, இப்பவே சொல்லிப்புடு.”

அதை நேர்மை என்று புகழ்வதா, நீண்ட அனுபவம் என்பதா? இரண்டுக்குமிடையே தோட்டத்தில் எல்லைக் கல் எதுவும் நடப்பட்டிருக்கவில்லை. மகன் அன்றிரவே ‘டெசிமல்’ என்பதன் அருகே அடைப்புக்குறிக்குள் 4, 1 என்ற இரண்டு எண்களையும் எழுதினான்: மொத்தம் நான்கு இலக்கங்கள், அவற்றுள் ஒன்று புள்ளிக்குப் பின். இம்முறை முழு எண்களைக் கொடுத்துச் சோதித்துத் திருப்தியடையவில்லை. 0.5, 1.5, 12.5 என அரைகளையே கொடுத்துப் பார்த்தான். ஜனவரியிற் செய்த சோதனைகளுள் ஒன்றிலேனும் ஓர் அரை இருக்கவில்லை என்பதையும் அப்போது கண்டான்.

அதன் பின்னர் அந்நிரலின் செய்முறைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கூச்சலிடாத பிழைகளைத் தேடினான். திகதி ஒன்று எழுத்துத் தொடராக அனுப்பப்பட்டிருந்தது. நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் வைத்து இங்கு எழுதுவதை, அமெரிக்க வழக்குக்கு அமைக்கப்பட்ட தரவுத்தளம் மாற்றி வாசித்தது. மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களும் இவ்வாறு ஓசையின்றி இடம் மாறும். 05/03 மே மூன்றாகிவிடும். பதின்மூன்றாம் நாளிலிருந்து, பதின்மூன்றாம் மாதம் இல்லையாகையால், பிழை வாய் திறக்கும். திகதியைத் திகதி வகையாகவே கையளிப்பதுதான் இதற்கு வழி. இன்னோரிடத்திற் பெயரை ஏற்கும் பரமானம் நீளம் குறிக்கப்படாமல் ‘வார்சார்’ என்று மட்டும் இருந்தது. அவ்வாறு விட்டால் நீளம் ஒன்று. எந்தப் பெயர் வந்தாலும் முதலெழுத்து மட்டுமே எஞ்சும்.

கேள்விக்குறிகளின் காரணமும் இதன் இனமே. தமிழ் எழுத்துகள் யூனிக்கோடு வழியாகவே அத்தரவுத்தளத்தில் நிலைக்கும். அதற்கு ‘என்வார்சார்’ என்னும் வகை வேண்டும். ‘வார்சார்’ வழியாகப் புகும் தமிழ்ப் பெயரில் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, மெய்ப்புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும்கூடத் தனித்தனியே ஒவ்வொன்று, விழுந்துவிடும். அதனாற் குறுகிய பெயருக்கும் நீண்ட வரிசை. இக்கேள்விக்குறிகளை ஐந்து மாதங்களாகத் துரை முதல் கங்காணி வரை எல்லோரும் கண்டிருந்தனர். கூலி சரியாக இருந்தாற் போதாதா, பெயர் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். பெயரைக் காட்டிக் கேட்டிருந்தால் பேரையும் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம் என்று மகன் பின்னர் சொன்னதுண்டு.

நாட்பதிவுப் பேரேடு தொடக்கத்திலிருந்தே அரைகளைச் சரியாக வைத்திருந்தது இதிற் கிடைத்த ஒரே நற்பேறு. அதனால் எவருக்கு எம்மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை நாட்காட்டி வைத்திராதவர்களுக்கும் கணித்துவிட முடிந்தது. பட்டியல் மூன்று தாள்களுக்கு நீண்டது. ஜூன் மாதம் கூடுதலாகப் போன 500 ரூபா, தாய் கூறியவாறே, ஜூலைச் சம்பளத்தில் ஒரே தடவையிற் பிடிக்கப்பட்டது. அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. குறைந்து போனதைக் கொடுப்பதற்கு மட்டும் மூன்று கடிதங்களும், இரண்டு கையொப்பங்களும், நிறுவனத்தின் விளக்க அறிக்கையும் வேண்டியிருந்தன. இவ்விரு வேகங்களுக்கும் தரவு வகைகளுக்கும் தொடர்பில்லை. கணனிக்கு முந்திய காலத்திலும் அவை அப்படியே இருந்தன.

நிலுவை செப்டெம்பரில் வந்தது. தாய்க்கு 1,500 ரூபா. அதிற் சேமலாப நிதிக்குரியது கழிந்து கையிற் கிடைத்தது 1,380. இடையில் வேலையை விட்டுக் கொழும்புக்குச் சென்றுவிட்ட இருவரின் உறைகளைக் கிளாக்கர் தனியே எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார். ஆண்டு முடிவிலும் அவை அங்கேயே இருந்தன.

டிசெம்பர்ச் சம்பளத் துண்டிற் பெயர் தமிழில் வந்திருந்தது. தாய் அதனை விளக்கருகே பிடித்து, மகனை எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டாள். இறுதி எழுத்தின் கால் அடுத்த கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, அதையும் சரிபண்ண வேண்டும் என்றாள். 2023ஆம் ஆண்டு நாட்காட்டி சுவரில் ஏறிற்று. புத்தாண்டின் முதல் வேலை நாளிலேயே, நண்பகலுக்கு முன் மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சாக்கைத் திண்ணையிற் போட்டுவிட்டு, அடுப்படியிற் கரித்துண்டைத் தேடி எடுத்து வந்து, அன்றைய திகதியின் மேல் அவள் பாதிக் கோடு கீறினாள்.